தாழ்வாரத்துக்கு ஒரு தொலைக்காட்சி

எங்கள் ஊருக்கு மழை தொலைக்காட்சி பார்க்கத்தான் வரும். எந்த வீட்டுத் தொலைக்காட்சி அதற்குப் பிடித்திருக்கிறதோ அந்த வீட்டு முற்றத்தில் வந்து பெய்யும். வீட்டுக்குள் வராது. ஜன்னல் வழியாகவோ திறந்த கதவு வழியாகவோ பார்த்துக்கொண்டிருக்கும். விளம்பரம் ஓடும்போது கொஞ்சம் விட்டிருக்கும்; அந்த இடைவெளியில் கடைக்குப் போய்வந்துவிடலாம். தொடர்களை விரும்பிப் பார்க்கும். செய்தியும் பார்க்கும், ஆனால் வானிலை அறிக்கை தொடங்கியதும் போய்விடும். தன்னைப் பற்றி மற்றவர்கள் பேசுவதை உட்கார்ந்து கேட்க யாருக்குத்தான் பிடிக்கும்.

நான் தென்காசியில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறேன். பெரும்பாலும் கல்யாணப் பத்திரிகைகள். என் மனைவி பூரணம் வீட்டுக்குப் பின்னால் எலுமிச்சை வைத்திருந்தாள். நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த வருடம் அவளே குழி தோண்டி, எரு போட்டு, ஒவ்வொன்றாக நட்டவை. நான் சாயங்காலம் வரும்போது அவள் வீட்டுக்குள் இருந்ததாக எனக்கு நினைவில்லை. மரங்களுக்கு நடுவில்தான் எங்காவது நின்றுகொண்டிருப்பாள்.

எங்கள் தொலைக்காட்சி சின்னது. கூடத்தில் இருந்தது. முன்பெல்லாம் மழை பக்கத்து ஜன்னலில் வந்து எட்டிப் பார்க்கும். அது நிற்கும் நேரம் எலுமிச்சைக்குப் போதுமானதாக இருந்தது. பிறகு அடுத்த வீட்டு ஞானப்பிரகாசம் அண்ணாச்சி பெரிய தொலைக்காட்சி ஒன்று வாங்கித் தன் போர்டிகோவில் மாட்டினார். அதிலிருந்து மழை அவர் வீட்டுக்குத்தான் போனது. எங்கள் இரு வீடுகளுக்கும் நடுவில் இருப்பது ஓர் ஆள் உயர மதில்தான். மதிலின் அந்தப் பக்கம் பாசி பிடித்திருந்தது. இந்தப் பக்கம் புழுதி. எங்கள் தவளைகள் ஒன்றன்பின் ஒன்றாக மதிலேறி அந்தப் பக்கம் போய்விட்டன.

ஞானப்பிரகாசம் அண்ணாச்சிக்கு இதில் சங்கடம்தான். "நான் என்ன செய்ய, தம்பி? வராதேன்னு சொல்ல முடியுமா?" என்று ஒருநாள் கேட்டார். சொல்ல முடியாதுதான். வீடு தேடி வருகிறவரை யாரும் அப்படிச் சொல்வதில்லை.

கோடையில் எலுமிச்சை இலைகள் சுருண்டன. பிஞ்சுகள் கோலிக்குண்டு அளவிலேயே உதிர்ந்தன. பூரணம் குளித்த நீர், அரிசி கழுவிய நீர், பாத்திரம் அலசிய நீர் எல்லாவற்றையும் சுமந்துகொண்டு போய் ஊற்றினாள். ஒரு மரத்துக்கு ஊற்றும்போது மற்ற மரங்களைப் பார்க்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

"நாமளும் ஒண்ணு வாங்குவோம்," என்றாள்.

எனக்கு விருப்பமில்லை. "டிவி பார்க்க வர்ற மழை நமக்கு எதுக்கு? நம்மைத் தேடி வந்தாச் சரி."

"உங்களுக்கு ரோஷம் இருக்கு. வச்சுக்கோங்க. செடிக்கு அதெல்லாம் கிடையாது."

வீட்டின் பின்பக்கம் தகர ஷீட் போட்ட ஒரு தாழ்வாரம் உண்டு. மூன்று பக்கமும் திறந்திருக்கும். எதிரே எலுமிச்சைத் தோட்டம். புதிதாக வாங்குவதற்கு முன்னால் இருப்பதை வைத்துப் பார்ப்போம் என்று, கூடத்துத் தொலைக்காட்சியைத் தூக்கிவந்து தாழ்வாரத்தில் ஒரு ஸ்டூல் மேல் வைத்தோம். அன்று சாயங்காலமே மழை வந்தது. மதிலைத் தாண்டி, கொஞ்சம் தயங்கி, தாழ்வாரத்தின் ஓரத்தில் நின்று பெய்தது.

அப்போது ஓடிய தொடரில் கோமளா என்றொரு பெண் சின்ன வயதில் காணாமல்போன தன் தங்கையைத் தேடிக்கொண்டிருந்தாள். அன்றைக்கு ஒரு கல்யாண மண்டபத்தில், கூட்டத்துக்கு நடுவே, தங்கையைப் போலவே இருக்கும் ஒருத்தியைப் பார்த்துவிட்டாள். மழையால் இருந்த இடத்தில் இருக்க முடியவில்லை. உள்ளே சாய்ந்தது. தொலைக்காட்சி முழுக்க நனைந்து, ஒரு சத்தம் போட்டு, அணைந்தது. மழை சற்று நேரம் இருண்ட திரையைப் பார்த்துக்கொண்டு நின்றது. பிறகு மதிலைத் தாண்டிப் போய்விட்டது. அதற்குள் அங்கே அந்தக் காட்சி முடிந்திருக்கும். நாங்கள் இரண்டு பேரும் தலையைக் குனிந்துகொண்டோம். விருந்துக்கு அழைத்துவிட்டுப் பாதியில் இலையை எடுத்ததுபோல் இருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை, நனைந்தாலும் பழுதாகாத தொலைக்காட்சி வாங்கத் தென்காசிக்குப் போனோம்.

கடையில் காதர் என்றொரு விற்பனையாளர் எங்களைக் கவனித்துக்கொண்டார். கழுத்தில் டை கட்டியிருந்தார். முதலில் தாழ்வாரத்தைப் பற்றிக் கேட்டார். எந்தத் திசையைப் பார்த்து இருக்கிறது, சாயங்கால வெயில் நேராக அடிக்குமா, கூரை எவ்வளவு தூரம் நீட்டிக்கொண்டிருக்கிறது, மழை எங்கே நிற்கும்.

"மேற்கே பார்த்து, சார். சாயங்கால வெயில் உண்டு."

"அப்போ வெளிச்சம் அதிகமா உள்ளதுதான் வேணும். கூடத்துல வைக்கிறதை வெளியில வச்சா படம் வெளிறிப்போகும். அப்புறம் மின்னல் வேற. உங்க மழை மின்னலோட வருமா, சும்மா வருமா?"

"ஐப்பசியில மின்னலோட வரும்," என்றாள் பூரணம். "மத்த நாள்ல சும்மாதான்."

காதர் தலையாட்டிவிட்டு ஒரு பெட்டியைத் திருப்பி முதுகைக் காட்டினார். கம்பி செருகும் ஓட்டைகள் எல்லாவற்றுக்கும் ரப்பர் மூடி இருந்தது. காற்றுப் போகும் துளைகளே இல்லை. எறும்பு, பல்லி எதுவும் உள்ளே நுழையாது என்றார். மழை வராத மாதங்களில் தகரக் கூரைக்குக் கீழே கொதிக்கும், அந்தச் சூட்டையும் தாங்க வேண்டும், பலர் அதை யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள் என்றார். திரைக் கண்ணாடி பளபளக்காமல் மங்கலாக இருந்தது. மழை குறுக்கே நின்றாலும் அதன் நிழல் படத்தின்மேல் விழாதாம்.

"சத்தம்?" என்று நான் கேட்டேன்.

"அதுதான் சார் முக்கியம். மழைக்குத் தன்னோட சத்தத்துல வசனம் கேக்காது. தகர ஷீட்னா இன்னும் கஷ்டம். நல்ல ஸ்பீக்கரா இருக்கணும்."

"உள்ளே சாய்ஞ்சா?" என்றாள் பூரணம்.

"சாயட்டும், அக்கா. தொட்டுப் பார்க்கட்டும். இதுக்கு ஒண்ணும் ஆகாது."

பூரணம் முதல்முறையாக அந்தப் பெட்டியைக் கையால் தொட்டாள்.

கடைக்குப் பின்னால் ஒரு சின்ன முற்றம் இருந்தது. வாடிக்கையாளர்கள் சோதித்துப் பார்ப்பதற்காக அங்கே ஒரு தூறல் வைத்திருந்தார்கள். வயதான தூறல். மூலையில் ஒரு வாளி அளவு இடத்தில் பெய்துகொண்டிருந்தது. காதர் மூன்று தொலைக்காட்சிகளை அதன் எதிரில் வரிசையாக வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுக் காட்டினார்.

முதலாவது கடையிலேயே பெரியது. ஒரு கட்டில் அளவு இருந்தது. தூறல் அதன் எதிரே விறைப்பாக, நேர்கோடாகப் பெய்தது. இரண்டாவது சத்தமானது. தூறல் மெல்ல நகர்ந்து சுவரோரம் போனது. மூன்றாவது நடுத்தரம். அதில் ஒரு மீனவர் வலையை உதறிக் காயப்போட்டுக்கொண்டிருந்தார். தூறல் சுவரை விட்டு வந்தது. அதன் துளிகள் சிறுத்தன. பிறகு சாய்ந்து, திரையின் கீழ் ஓரத்தை லேசாக நனைத்தது. பூரணம் அதன் பக்கத்தில் போய்க் கையை நீட்டிக்கொண்டு நின்றாள்.

"பெருசை எடுங்க, சார்," என்றார் காதர். "பக்கத்து வீட்டுலயும் பெருசு இருக்குன்னு சொன்னீங்க. போட்டின்னு வந்துட்டா சின்னது நிக்காது."

"இதை எடுத்துக்கறோம்," என்றாள் பூரணம், மூன்றாவதைக் காட்டி.

"அக்கா, அது வயசான தூறல். அதுக்கு எல்லாமே பிடிக்கும்."

"எல்லாமே பிடிச்சா ரெண்டாவதுக்கு ஏன் சுவரோரம் போச்சு?"

காதர் தூறலைப் பார்த்தார். பிறகு ரசீது எழுதப் போனார்.

கடையிலிருந்து ஆட்கள் வந்து தாழ்வாரச் சுவரில் மாட்டிக் கொடுத்தார்கள். துருப்பிடிக்காத திருகுகள் போட்டார்கள். கூரை சொட்டும் கோட்டிலிருந்து உள்ளே தள்ளி, ஆனால் தோட்டத்தில் எங்கே நின்றாலும் தெரியும்படி. ரிமோட்டுக்குப் பூரணம் ஒரு பிளாஸ்டிக் பை தைத்தாள்.

முதல் நாள் மழை அடுத்த வீட்டிலேயே இருந்தது. நாங்களும் அதே தொடரைப் போட்டோம். மழையின் ஓரம் மட்டும் மதில்மேல் வந்து நின்றது. எங்கள் பக்கம் சில துளிகள் விழுந்தன. மறுநாள் மதிலை ஒட்டிய மரங்கள் நனைந்தன. அதற்கடுத்த வாரத்தில் ஒரு சாயங்காலம், கோமளா தன் தங்கை என்று நினைத்தவள் தங்கை இல்லை என்று தெரிந்துகொண்ட அன்று, மழை முழுவதுமாக இந்தப் பக்கம் வந்துவிட்டது. தாழ்வாரத்துக்குள் சாய்ந்து கோமளாவின் முகத்தைத் தொட்டது. தண்ணீர் திரையில் வழிந்தது. படம் அசையவில்லை. பூரணம் குடையில்லாமல் தோட்டத்துக்குள் போய் ஒவ்வொரு மரத்தடியிலும் கையால் மண்ணைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பி வந்தபோது அவள் முகம் எப்படி இருந்தது என்று சொல்ல எனக்குத் தெரியவில்லை. துவட்டிக்கொள்ளத் துண்டு கொடுத்தேன், வாங்கிக்கொள்ள மறந்துவிட்டாள்.

அதன் பிறகு மழை தினமும் எங்கள் வீட்டுக்கு வந்தது. எலுமிச்சை துளிர்விட்டது. தவளைகள் திரும்பி வந்தன, கொஞ்சம் தயக்கத்துடன்.

அடுத்த வீட்டில் ஞானப்பிரகாசம் அண்ணாச்சி தன் தொலைக்காட்சியை வழக்கம்போல் போட்டுவைத்திருந்தார். எங்களுடையது கேபிள், அவருடையது டிஷ். ஒவ்வொரு வசனமும் முதலில் எங்கள் வீட்டிலும் சற்றுப் பொறுத்து அவர் வீட்டிலுமாகக் கேட்கும். கோமளா இங்கே அழுதுவிட்டு அங்கே போய் அழுவாள். சில நாட்களில் அது எங்களுக்குப் பழகிவிட்டது. ஒருநாள் கோமளா இங்கே மட்டும் அழுதாள்.

பூரணம்தான் கவனித்தாள். ஒரு கல்லின்மேல் ஏறி மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். ஞானப்பிரகாசம் அண்ணாச்சி அணைத்துவைத்த தொலைக்காட்சியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். முற்றம் காய்ந்து வெடித்திருந்தது. மதிலின் பாசி பழுப்பாகி உரிந்துகொண்டிருந்தது.

"அண்ணாச்சி, இங்க வந்து பாருங்களேன்."

"இருக்கட்டும்மா."

"உங்களுக்கும் சேர்த்து டீ போட்டுட்டேன்."

அவர் தன் நாற்காலியைத் தானே தூக்கிக்கொண்டு வந்தார். தாழ்வாரத்தில் எங்களுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். டீயைக் குடித்தார். மழை அவரை அடையாளம் தெரிந்துகொண்டதுபோல் அவர் இருந்த பக்கம் கொஞ்சம் கனத்துப் பெய்தது.

"ரோஸ்மேரி இருக்கும்போது அவதான் இதுக்குக் கதை சொல்லுவா," என்றார் விளம்பரத்தின்போது. ரோஸ்மேரி அக்கா அவர் மனைவி. இறந்து இரண்டு வருடம் ஆகிறது. "சில நாள் பாதியில வரும். கடல் பக்கம் எங்கயோ வேலை இருந்திருக்கும். முன்னாடி என்ன நடந்துச்சு, யார் யாருக்கு என்ன உறவு, எல்லாம் சொல்லுவா. அவ போன பெறகு நான் சொன்னேன். எனக்குக் கதை சரியாத் தெரியாது. தப்பும் தவறுமா சொல்லுவேன். அது கேட்டுக்கும்."

"அதுக்காகத்தான் பெரிய டிவி வாங்குனீங்களா?" என்று கேட்டேன்.

"அவ இல்லாத வீட்டுக்கு அது வராமப் போயிருமோன்னு நினைச்சேன், தம்பி."

விளம்பரம் முடிந்தது. திரையில் ஒரு மனிதர் காரிலிருந்து இறங்கினார். ஞானப்பிரகாசம் அண்ணாச்சி தோட்டத்துப் பக்கம் திரும்பி, "இவன் கோமளாவோட சித்தப்பா. நல்லவன் மாதிரி இருப்பான். நம்பாத," என்றார். மழை தன் சத்தத்தைக் குறைத்துக்கொண்டது. தகர ஷீட்டில் துளிகள் விழுவது தனித்தனியாகக் கேட்டது. நல்ல ஸ்பீக்கருக்குக் கொடுத்தது வீண்தானோ என்று எனக்குத் தோன்றியது.

அவர் தினமும் வந்தார். அப்படியே போயிருக்கலாம். ஆனால் மழை நிறுத்தாமல் வந்துகொண்டே இருந்ததில் எலுமிச்சை இலைகள் மஞ்சளாகத் தொடங்கின. பூரணம் ஒரு மரத்தடியில் மண்ணைக் கிளறி வேரை எடுத்து முகர்ந்து பார்த்தாள்.

"வேர் அழுகுது. ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தாப் போதும். மத்த நாள் அண்ணாச்சி வீட்டுக்குப் போகட்டும். அவர் கிணறும் வத்திப்போச்சு."

மழை வந்து எதிரே இருப்பது எனக்குப் பழகியிருந்தது. அச்சகத்தில் நாள் முழுவதும் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்தில் எழுத்துப்பிழை பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தால், எதிரே ஒருவர் இருப்பதுபோல் இருக்கும். அது என்னைப் பார்க்க வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் நான் சிரித்த இடத்தில் அதுவும் சிலமுறை சிரித்திருக்கிறது.

"நம்ம டிவியை அணைச்சா அது கோவிச்சுக்கும்," என்றேன்.

"அதுவா கோவிச்சுக்கும்?" என்றாள் பூரணம்.

மறுநாள் நேரம் வந்தபோது அவள் எங்கள் தொலைக்காட்சியை அணைத்தாள். மழை வழக்கம்போல் வந்தது. தாழ்வாரத்தின் ஓரத்தில் நின்றது. மங்கலான கண்ணாடியில் அதற்குத் தன் உருவம் சரியாகத் தெரிந்திருக்காது, ஆனாலும் பார்த்துக்கொண்டிருந்தது. நான் எழுந்து ரிமோட்டை எடுக்கப் போனேன். பூரணம் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்போது மதிலுக்கு அந்தப் பக்கமிருந்து தொடரின் பாட்டு கேட்டது. மழை திரும்பியது. ஒருமுறை எங்கள் பக்கம் ஒரு வீச்சு அடித்துவிட்டு மெல்ல மதிலேறிப் போனது. பேருந்து நிலையத்தில் ஒருவரை ஏற்றிவிட்டு, பேருந்து திரும்பும்வரை நிற்பதுபோல் நான் நின்றேன்.

"வாங்க, நாமளும் போவோம்," என்றாள் பூரணம். இரண்டு பேரும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு ஞானப்பிரகாசம் அண்ணாச்சி வீட்டு போர்டிகோவுக்குப் போனோம். அவர் இடம் ஒதுக்கிக் கொடுத்தார். அவருடைய திரை பெரியதுதான். கோமளா ஆளுயரத்துக்கு இருந்தாள். அவர் முற்றத்தைப் பார்த்துச் சித்தப்பா செய்த துரோகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். பாதி தவறாகச் சொன்னார். பூரணம் ஓர் இடத்தில் திருத்தினாள். அதன் பிறகு இருவரும் சேர்ந்து சொன்னார்கள்.

அப்படி ஒருநாள் இங்கே, ஒருநாள் அங்கே என்று ஆனது. மழைக்கு அது சீக்கிரம் பழகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் நாளானது. எலுமிச்சைக்குப் பச்சை திரும்பியது. ஆனியில் காய் பிடித்தது. பூரணம் முதல் கூடையை ஞானப்பிரகாசம் அண்ணாச்சிக்குக் கொடுத்தாள். அவர் ஊறுகாய் போடத் தெரியாது என்றார். அவளே போட்டு ஜாடியோடு கொடுத்துவிட்டு வந்தாள்.

தொடரின் கடைசிப் பகுதி ஒரு வெள்ளிக்கிழமை வந்தது. முறைப்படி அது எங்கள் வீட்டு நாள். கோமளாவுக்குத் தங்கை கிடைப்பாளா இல்லையா என்று ஊரில் எல்லோருக்கும் ஓர் அபிப்பிராயம் இருந்தது. மழை சீக்கிரமே வந்துவிட்டது. ஞானப்பிரகாசம் அண்ணாச்சி சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். நான் அச்சகத்திலிருந்து முன்னதாகக் கிளம்பியும் வழக்கத்தைவிடத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தேன். பேருந்து வேறு வழியாகச் சுற்றிக்கொண்டு வந்தது. ஊருக்கு மேற்கே இருக்கும் மலை எழுந்துவந்து, தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், பாதி ரோட்டை அடைத்துக்கொண்டு, எங்கள் தாழ்வாரத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது.

பூரணம் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்தாள். தோட்டத்துக் கொடியில் ஒரு போர்வை நனைந்து கிடந்தது.

"அதை எடுங்க," என்றாள். "பின்னால இருக்கிறவங்களுக்கு மறைக்கும்."

நான் போய் எடுத்துப் பிழிந்து மடித்தேன்.